உன் கூரைக்குப் பேனல் போடலாமா என்று கேட்டாயே

தம்பி,

போன வியாழக்கிழமை சாயங்காலம் போனில் உன்னிடம் நான் சொன்னது பொய். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் சுற்றி வளைத்து நாலு பக்கம் எழுதிவிட்டு, இதை மட்டும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும். எட்மன்டன் மாதிரி வருஷத்தில் பாதி நாள் பனி கிடக்கிற ஊரில், புதிதாக வாங்கின வீட்டுக் கூரைமேல் சோலார் பேனல் போட்டால் பிரயோஜனம் உண்டா என்று கேட்டாய். நாலு பக்கமும் கூரையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். ஒரு படத்தில் திசை தெரியட்டும் என்று காம்பஸைக்கூடப் பக்கத்தில் வைத்திருந்தாய். இத்தனைக்கும் நான் சொன்ன பதில், "குளிர் நாட்டுல அதெல்லாம் வேலைக்கு ஆகாது, விட்டுடு" என்ற ஒரு வரிதான். நீ "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஹ்ரைன் கடலில் பதினாறு வருஷமாகப் பேனலோடு மல்லுக்கட்டுகிற அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாய். வேலைக்கு ஆகும் தம்பி. நன்றாகவே ஆகும். வருகிற சனிக்கிழமைக்குள் பேனல்காரனுக்கு நீ பதில் சொல்லவேண்டும் என்பதால்தான் இதைத் தபாலில் போடாமல், ஆபீஸ் கிளார்க்கிடம் கெஞ்சி ஸ்கேன் எடுத்து மெயிலில் அனுப்புகிறேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அவசரப்படாமல் படி. சுதாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். இந்த விஷயத்தில் உன் பெண்டாட்டி உன்னைவிடக் கெட்டிக்காரி.

உனக்குச் சின்ன வயதில் என் வேலையைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், நீ காது கொடுத்துக் கேட்டதாக நினைவில்லை. கப்பல் வருகிற வழியைக் காட்டக் கடலில் மிதவை விளக்குகள் உண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் சின்னப் பேனல், உள்ளே பேட்டரி. பகலில் சார்ஜ் ஏறி இரவில் விளக்கு எரியும். காண்டிராக்ட் கம்பெனியின் லாஞ்சில் போய், ஒவ்வொரு மிதவையிலும் தொற்றி ஏறி, பேனலைத் துடைத்து, மீட்டர் வைத்துப் பார்த்து, எழுதிக்கொண்டு வருவது என் டூட்டி. லாஞ்ச் ஓட்டுகிறவர் யோகன். பருத்தித்துறைக்காரர், கடலில் பிறந்த மாதிரியான ஆள். ஒவ்வொரு சைட்டிலும் நான் சத்தமாகப் படிக்கிற எண்ணை அவர்தான் நோட்டில் எழுதுவார். முதல் வருஷம் ஜூலையில் எழுதின எண்ணையும் ஜனவரியில் எழுதின எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு மீட்டர் கேட்டேன். வேறு மீட்டரும் அதையேதான் காட்டியது. ஜூலை மத்தியானம், உள்ளங்கையை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்கிற சூட்டில், பேனல் இறங்கிப்போய்க் கிடந்தது. ஜனவரியில் வடமேற்குக் காற்று அடித்து, நாங்கள் ஸ்வெட்டருக்கு மேல் ரெயின்கோட் போட்டு நடுங்கிக்கொண்டு போன ஒரு பளிச்சென்ற நாளில், ஜூலையைவிட நல்ல எண் காட்டியது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. இதைப் பதினாறு வருஷமாகக் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். தெரிந்துகொண்டேதான் உன்னிடம் குளிரைக் காரணம் காட்டினேன்.

ஆகவே உன் ஊர்க் குளிரைப் பற்றிக் கவலைப்படாதே. கவலைப்பட வேண்டியது பகல் எவ்வளவு நீளம் என்பதைப் பற்றி. டிசம்பரில் உன் பேனல் கிட்டத்தட்ட லீவில் இருக்கும், அதை இப்போதே மனதில் எழுதி வைத்துக்கொள். ஒன்பது மணி வாக்கில் விடிந்து நாலு மணிக்கு இருட்டுகிற ஊரில் அதைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ஆனால் ஜூனில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். அப்போது சேர்த்து எடுக்கும். பேட்டரி வாங்கி வைக்கிறேன் என்று இறங்காதே, குளிரில் சுருண்டு போவது பேட்டரிதான். கரண்ட் கம்பெனி லைனோடு சேர்த்துவிடு. கோடையில் மிச்சமாவது லைனுக்குப் போகட்டும், குளிர்காலத்தில் அங்கிருந்து வாங்கிக்கொள். ஒரு மாதத்தை வைத்துப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும், முழு வருஷத்தையும் சேர்த்துப் பார். வீட்டைச் சூடாக்குவது உனக்கு கேஸ். அதைப் பேனல் தொடாது. விளக்கு, ஃப்ரிட்ஜ், துணி மெஷின், அடுப்பு, அந்தச் சூட்டு மெஷினின் ஃபேன், இவ்வளவுக்குத்தான் கணக்குப் போட வேண்டும். விற்கிறவன் அதற்கு மேல் ஏதாவது ஆசை காட்டினால் காதில் வாங்காதே.

உன் கூரை தெற்குப் பார்த்திருக்கிறது, நல்ல சரிவு. உன் ஊருக்கு அந்தச் சரிவுதான் சரி, பனியும் தானாக வழுக்கி விழும். விழாத பனியைத் தள்ளிவிடுகிறேன் என்று நீ கூரைமேல் ஏறக் கூடாது. நான் சொன்னால் கேட்க மாட்டாய், சுதாவிடம் சொல்லி வைக்கிறேன். மூன்றாவது படத்தில் தென்மேற்கில் பக்கத்து வீட்டு ஊசியிலை மரம் ஒன்று தெரிகிறது. அதை நான் நல்ல மரம் என்று சொல்ல மாட்டேன். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து வரும், அதன் நிழல் எதுவரைக்கும் நீளுகிறது என்று சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல் பார்த்துக் கோடு போட்டு வை. மிதவைமேல் ஒரு கடற்காகம் பேனலின் ஒரு மூலையில் எச்சம் போட்டு வைத்துவிட்டுப் போகும். ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும். முழுப் பேனலும் படுத்துவிடும். அந்த மாதிரிதான் நிழலும். கூரையிலிருந்து எழும்புகிற அந்தக் குழாய்க்குப் பக்கத்திலும் பேனல் வேண்டாம். கூரைமேல் ஓட்டுக்குப் பதிலாக ஒட்டியிருக்கிற கறுப்புத் தகடு எத்தனை வருஷத்துப் பழையது என்று வீடு விற்றவனிடம் கேள். பழையது என்றால் முதலில் அதை மாற்று. பேனலைப் போட்டபிறகு கழற்றி மாற்றுவது இரட்டை வேலை. இன்வெர்ட்டர் பேனல் அளவுக்கு உழைக்காது, நடுவில் ஒரு தடவையாவது மாற்ற வேண்டிவரும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதைத்தான் அன்றைக்கே ஐந்து நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ கூப்பிட்டபோது லாஞ்சைக் கட்டிவிட்டுப் படகுத்துறையில் நின்றிருந்தோம். கை ஈரம், அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் படிக்கட்டில் வைத்திருந்தேன். நீ பேனலின் பெயர், அளவு எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். நானும் ம்ம் போட்டுக்கொண்டிருந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்று நினைக்கிறேன். அப்புறம் நீ சொன்னாய், "இருபத்தஞ்சு வருஷம் வாரன்ட்டிப்பா." அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சு அடைக்கவில்லை, கண் கலங்கவில்லை. ஒரு பக்கமாகவே படுத்துத் தூங்கிவிட்டால் கை மரத்துப்போகுமே, தொட்டால் யாருடைய கையோ மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. வாய் மட்டும் தானாகப் பேசியது. போனை வைத்தபிறகு யோகன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பதினாறு வருஷமாக என் மீட்டர் எண்ணை எழுதுகிற மனுஷன், அவருக்குத் தெரியாதா. "அண்ணை, பெடியனுக்குப் பொய் சொல்லிப்போட்டியள்" என்றார். நான் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன். அவர் பிள்ளைகள் நார்வேயில் இருக்கிறார்கள், அவருக்கும் திரும்பிப்போக ஒரு வீடு இல்லை.

இருபத்தைந்து என்ற எண் என் வாழ்க்கையில் கிடையாது தம்பி. எனக்குத் தெரிந்த எண் இரண்டு. இரண்டு வருஷ விசா, இரண்டு வருஷக் காண்டிராக்ட், முடிந்ததும் இன்னும் ஒரே ஒரு இரண்டு வருஷம். இப்படிப் பன்னிரண்டு தடவை சொல்லி இருபத்துநாலு வருஷத்தை ஓட்டியிருக்கிறேன். இங்கே யாரைக் கேட்டாலும் இதே கதைதான். ஊர் எப்போ என்று கேட்டால், அடுத்த விசாவோடு கலாஸ், எல்லாம் முடிஞ்சது என்பார்கள். கேட்டவனும் சிரிக்க மாட்டான், அவனும் அதையேதான் வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பான். இங்கே குதைபியாவில் நாம் இருந்த அந்த இரண்டு அறை ஃப்ளாட் உனக்கு நினைவிருக்கும். நீ ஒன்றாம் வகுப்பு சேர்ந்ததிலிருந்து ஈசா டவுன் ஸ்கூலில் பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும் அங்கேதான் இருந்தோம். அத்தனை வருஷத்தில் அந்த வீட்டுச் சுவரில் நான் ஒரு ஆணி அடிக்க விடவில்லை. உன் அம்மா சாமி படம் மாட்ட ஒரே ஒரு ஆணி கேட்டாள். "ரெண்டு வருஷத்துல போகப்போறோம், வாடகை வீட்டுச் சுவத்தைக் கெடுக்காத" என்றேன். அவள் ஃப்ரிட்ஜ் மேல் படத்தைச் சாய்த்து வைத்தாள். ஃப்ரிட்ஜ் கதவை வேகமாகச் சாத்தினால் முருகன் குப்புற விழுவார். நீ சிரிப்பாய். அவளும் முதலில் சிரித்தாள், பிறகு சாத்துகிறபோதே ஒரு கையால் படத்தைப் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டாள். நீ கட்டில் கேட்டபோதும் இதையேதான் சொன்னேன். பதினேழு வயது வரைக்கும் தரையில் மெத்தை போட்டுத்தான் படுத்தாய், காலை நீட்டினால் பீரோவில் இடிக்கும். நம்மிடம் கட்டில் வாங்க வசதி இல்லாமல் இல்லை. நான் வாங்கவில்லை. கருமித்தனம் என்று நீ நினைத்திருப்பாய். கருமித்தனமாக இருந்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது. இங்கே ஒரு கட்டிலைப் போட்டுவிட்டால் ஊருக்குப் போகிற எண்ணம் பொய்யாகிவிடும் என்று பயந்தேன்.

அப்படியென்றால் எங்கேதான் போட்டேன் என்று கேள். அறந்தாங்கியில் போட்டேன். நீ காலேஜுக்குப் போனதும் உன் அம்மாவை ஊருக்கு அனுப்பி, ஒவ்வொரு லீவிலும் ஒரு பாகமாக அந்த வீட்டைக் கட்டினேன். கீழே எங்களுக்கு, மாடி உனக்கு. மாடிக்குத் தனிப் படிக்கட்டு, தனிச் சமையலறை, பாத்ரூமில் வெள்ளைக்காரன் பாணிப் பீங்கான், உனக்கு அது பழகியிருக்குமே என்று. தேக்குக் கட்டில் இரண்டு. அந்தக் கட்டிலில் நீ மொத்தம் எத்தனை நாள் படுத்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது, எண்ணவும் வேண்டாம். அப்புறம் ஊரில் கரண்ட் கட் அதிகமானபோது, கம்பெனி மிதவைகளில் பழைய பேனலைக் கழற்றிப் புதுசு மாட்டினார்கள். சூப்பர்வைசரிடம் கேட்டு எழுதி வாங்கி, மூன்று பழைய பேனலை மெத்தை உறையில் சுற்றி கார்கோவில் ஊருக்கு அனுப்பினேன். எல்லாரும் டாங் ஜூஸ் பவுடர், நிடோ பால்மாவு, போர்வை அனுப்புகிற கார்கோவில் நான் பேனல் அனுப்பினதைக் கேட்டு ரூமில் ஒரு வாரம் கிண்டல். லீவில் போய், ஒரு பேட்டரியும் சின்ன இன்வெர்ட்டரும் வாங்கி, நானே மாடிக்கு மேல் பொருத்தினேன். இரண்டு டியூப்லைட், ஒரு ஃபேன், அவ்வளவு ஓடும். உன் அம்மாவுக்கு அதில் ரொம்பப் பெருமை. தெருவெல்லாம் இருட்டாக இருக்கும்போது நம் வீட்டில் மட்டும் விளக்கு எரிவது ஒரு மாதிரி கூச்சமாக இருக்கிறது என்று போனில் சொன்னாள். பெருமையைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். கீழே அவள் ஒருத்திக்காக எரிந்த விளக்கு அது. அவள் தனியாகத்தான் இருக்கிறாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இனி எழுதப்போவதை நீ படிக்க வேண்டாம் என்று நினைத்தால் இந்தப் பாராவை விட்டுவிடு. போன வருஷம் ஆடியில் அவள் போனாள். எனக்குக் கடலில் இருக்கும்போது செய்தி வந்தது, மறுநாள் மத்தியானம் வீடு வந்து சேர்ந்தேன். நீ எட்மன்டனிலிருந்து வர இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றார்கள். கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி, அதற்குள் அவள். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத காலம். வாசலில் ஷாமியானா போட்டு, வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் கொண்டுவந்து வைத்திருந்தான் உன் சித்தப்பா. உள்ளே போனேன், அவள் முகத்தைப் பார்த்தேன். அழுகை வரும் என்று எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள், நானும் காத்திருந்தேன். வரவில்லை. அந்தப் பெட்டியின் கம்ப்ரெசர் எவ்வளவு இழுக்கும் என்று பார்த்தேன். மாடியில் இருக்கிற பேனலும் அந்தச் சின்ன இன்வெர்ட்டரும் அதைத் தாங்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மேலே ஏறிப்போய் பேனல் மூன்றையும் துண்டால் துடைத்தேன். சுத்தமாகத் துடைத்தேன், மூலையெல்லாம். இறங்கி வந்து ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு நாளும் அங்கேயேதான் இருந்தேன், டீசல் பார்த்தேன், வயரைத் தொட்டுச் சூடு பார்த்தேன். நீ வந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாய். பிறகு வெளியே வந்து என்னிடம் சொன்னாய், "அப்பா, அம்மாகிட்ட வந்து கொஞ்ச நேரம் உக்காருங்கப்பா." நான் சொன்னேன், "இரு, டீசல் பாத்துட்டு வந்துடறேன்." வரவில்லை. தூக்குகிற வரைக்கும் வரவில்லை. நீ அதை இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை. அன்றைக்கு மரத்தது இன்னும் விடவில்லை தம்பி. டூட்டிக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், யோகன் ஏதாவது சொன்னால் சிரிக்கிறேன். ஒன்றும் வலிக்கவில்லை. வலிக்காமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கருமாதி முடிந்து நீ கிளம்புகிற அன்று, மாடியில் உன் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். நான் வாசற்படியில் நின்றேன். நீ என்னைப் பார்க்காமலேயே, "இன்னும் ரெண்டு வருஷம்தாம்ப்பா. வந்துடறோம். நீங்களும் அதுக்குள்ள முடிச்சுக்கிட்டு வந்துடுங்க" என்றாய். எனக்கு அந்த வாக்கியம் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கேயோ என்ன, என் வாயிலிருந்தே கேட்டதுதான். உன் அம்மாவிடம் அத்தனை வருஷமும் சொன்ன வாக்கியத்தை, என்னைத் தேற்றுவதற்காக நீ எடுத்துச் சொன்னாய். பொய் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், சொல்லிப் பழகினவன் நான்தானே. ஆனால் கேட்கிற இடத்தில் நின்றால் அது பொய்யாகவே தெரியாது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. உன் அம்மா எப்படி அத்தனை வருஷம் அதை நம்பினாள் என்றும் புரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பஹ்ரைனுக்குத் திரும்பி வந்தேன். அதன் நடுவில் நீ இருபத்தைந்து வருஷம் வாரன்ட்டி என்றாய். இப்போது தெரிகிறதா நான் ஏன் குளிரைச் சொன்னேன் என்று. அந்தப் பேனலை நீ போட்டால், நீ வரமாட்டாய் என்று உன் கூரைமேல் எழுதி ஒட்டின மாதிரி. அதை நான் பார்க்க விரும்பவில்லை. அவ்வளவுதான் காரணம். பேனல் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

என் பொய்யோடு நான் பேசாமல் இருந்திருப்பேன். சுதா விடவில்லை. போன சனிக்கிழமை அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். உன்மேல் புகார் சொல்லத்தான் கூப்பிட்டாள், கோபப்படாதே. வீடு வாங்கி ஏழு மாதமாகியும் ஜன்னலுக்குத் திரை போடவில்லையாம், பழைய பெட்ஷீட்டைக் கட்டி வைத்திருக்கிறாயாம். பாப்பாவுக்கு ஒரு கட்டில் வாங்கலாம் என்றால் தள்ளிப்போடுகிறாயாம். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு படம் மாட்டக்கூட விட மாட்டேங்குறாரு மாமா. கேட்டா, ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போகப்போறோம்ங்குறாரு. அந்தப் பேனல் பத்தி மட்டும்தான் மூணு மாசமா ஆசையாப் படிச்சுக்கிட்டு இருந்தாரு. நீங்க வேண்டாம்னதும் எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டாரு." நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு ரூமில் நின்றேன். என் ரூம் சுவரில் இன்றைக்கும் காலண்டரை செல்லோடேப் போட்டுத்தான் ஒட்டியிருக்கிறேன். உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் இந்தப் பேச்சைக் கேட்டு என்னை ஒரு பார்வை பார்த்திருப்பாள். எதையோ சேர்த்து வைத்துவிட்டுப் போகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இந்த இரண்டு வருஷத்தைத்தான் உனக்குச் சேர்த்து வைத்திருக்கிறேன் போலிருக்கிறது. எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. பாப்பா தரையில் படுத்துக்கொண்டு காலை நீட்டுவது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அது வலியா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஏதோ ஒன்று.

ஆடிக்குப் பிறகு ஊர் வீட்டுப் பேனலைப் பற்றி உன்னிடம் சொல்லவில்லை. இந்த வருஷம் லீவில் போனபோது பூட்டைத் திறந்து மேலே ஏறிப் பார்த்தேன். வேப்பம் சருகு மூடிக் கிடந்தது. பேட்டரியில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்ந்து, பக்கவாட்டில் உப்பி, வெடித்துப் போயிருந்தது. வெயிலுக்குக் குறைச்சல் இல்லாத ஊர், பேனல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, மீட்டரை வைத்தால் எண் காட்டியது. கீழே ஆள் இல்லை. அவ்வளவுதான் குறை. நீ குளிர் நாட்டில் பேனல் தகுமா என்று கேட்டாய். குளிரும் வெயிலும் இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அந்தக் கூரைக்குக் கீழே நீ எத்தனை வருஷம் இருக்கப்போகிறாய் என்பது. நாலைந்து வருஷத்தில் வீட்டை விற்றுக் கிளம்புகிறவன் போட்டால் வீண், எந்தப் பேனல்காரன் என்ன சொன்னாலும் சரி. அங்கேயே இருந்து, பாப்பா அங்கிருந்தே பள்ளிக்கூடம் போய், அந்த வீட்டிலேயே உனக்கு முடி நரைக்கப்போகிறது என்றால், டிசம்பர் இருட்டும் பனியும் போக மிச்சமிருக்கிற வெளிச்சமே தாராளமாகப் போதும். இந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருப்பது பயத்தால் அல்ல, எனக்காக. அது எனக்குத் தெரிகிறது. அது எனக்கு வேண்டாம்.

கம்பெனி எனக்கு லெட்டர் கொடுத்துவிட்டது, மார்ச்சோடு முடிகிறது. இந்தத் தடவை நிஜமாகவே கலாஸ், புதுப்பிக்க நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அறந்தாங்கிக்குத்தான் போகிறேன். கோடையில் வந்து உன் வீட்டைப் பார்க்கிறேன், பேனல் போட்ட கோணம் சரியா என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. அங்கேயே இருந்துவிடுங்கள் என்று நீ சொல்வாய். இருப்பேன் என்றும் சொல்ல மாட்டேன், இரண்டு வருஷம் கழித்து என்றும் சொல்ல மாட்டேன். தெரியவில்லை என்பதுதான் உண்மை. பொய் சொல்வதைவிட அது பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம், இதற்கு நீ என்மேல் வருத்தப்படலாம். நம் வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டு ஒரு நர்ஸம்மாவின் குடும்பம் ஒரு வருஷமாக உன் சித்தப்பாவிடம் நடையாக நடந்துகொண்டிருந்தது. அண்ணன் மகன் வரப்போகிறான் என்று அவனும் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் போன் செய்து கொடுத்துவிடச் சொன்னேன். உன் அறையில் இருந்த உன் புத்தகங்களையும் சட்டைகளையும் கீழே உன் அம்மாவின் அலமாரியில் வைத்துப் பூட்டியாயிற்று. கட்டில் இரண்டையும் அவர்களுக்கே விட்டுவிடச் சொன்னேன், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களாம். இன்று காலை பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டார்கள் என்று சித்தப்பா சொன்னான். மாடியில் இப்போது உனக்கு இடம் இல்லை தம்பி. நீ திரும்பி வர வேண்டாம். சனிக்கிழமை அந்த ஆளைக் கூப்பிட்டுப் பேனலைப் போடச் சொல்லிவிடு.

அப்பா